மூன்றாவது கம்பி

காயில் கட்டுகிறவர் மோட்டாரைப் பிரித்து, ஸ்டேட்டரைக் கடை வாசலில் வெயில் விழும் இடத்துக்கு உருட்டிக்கொண்டு வந்தார். உள்ளே விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். பிறகு அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "அண்ணா, ஒரு பேஸ்தானுங்க கருகியிருக்குது. மத்த ரெண்டும் புதுசாட்டம் இருக்குது பாருங்க."

பார்த்தேன். செம்புச் சுற்றுகளில் ஒரு தொகுதி கரிக்கட்டையாக இருந்தது. அதன் இரு பக்கமும் இருந்தவை வார்னிஷ் பளபளப்போடு அப்படியே இருந்தன. கருப்பு, தேன் நிறம், தேன் நிறம், மறுபடி கருப்பு என்று ஒழுங்கான இடைவெளியில். அப்பா எதுவும் சொல்லவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டார்.

அது 2012 ஆகஸ்ட். நான் டொரண்டோவிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தேன். அவிநாசிக்கு வடக்கே எங்கள் தோட்டம். ஏழரை குதிரைத்திறன் மோனோபிளாக் மோட்டார். ஒன்றரை ஏக்கர் வாழை தண்ணீருக்குக் காத்துக் கிடந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பா வாயைத் திறந்தார். "எல்லாம் உங்க சித்தப்பன் பண்ற வேலை. டூ பேஸ்ல கண்டென்சர் போட்டு ஓட்டறான். அவன் இழுக்கற இழுவைல நம்ம மோட்டார் போச்சு."

அன்றிலிருந்து அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண வீடுகளில் ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். 2019-இல் அப்பா இறந்தபோதும் அது அப்படியே இருந்தது. ஊரில் மண்ணுக்கும் வரப்புக்கும் பங்காளிகள் பேச்சை நிறுத்துவது புதிதல்ல. எங்கள் வீட்டில் அது ஒரு மின்கம்பிக்காக நடந்தது. அந்தக் கம்பியின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது ஒரு வகையில் அதனால்தான். இன்னொரு காரணம் என் வேலை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்காகச் சில சொற்கள். கம்பத்தில் ஓடும் மின்சாரம் மூன்று கம்பிகளில் வருகிறது. அரசாங்கத் தமிழில் மும்முனை மின்சாரம். ஊர்த் தமிழில் த்ரீ பேஸ். வீட்டு விளக்குக்கு அதில் ஒரு கம்பி போதும். கிணற்று மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். மூன்றும் ஒரே அளவில் வேண்டும்.

ஏன் மூன்று என்பதற்கு ஒரு எளிய படம் உண்டு. ஒரு இரும்பு வளையத்தில் மூன்று கயிறுகளைக் கட்டி, மூன்று பேர் மூன்று திசையில், சம இடைவெளியில் நின்று, சம பலத்தில் இழுக்கிறார்கள். வளையம் நடுவில் அசையாமல் நிற்கும். மூன்று இழுவையும் ஒன்றையொன்று அடித்துப் பூஜ்யமாகிவிடுகிறது. மின்சாரத்திலும் அதே கணக்கு. மூன்று கம்பியிலும் சமமாகச் சுமை இருந்தால், திரும்பி வருவதற்கென்று தனிக் கம்பியே தேவையில்லை. ஒருவன் கொஞ்சம் தளர்த்தினால் வளையம் மற்ற இருவர் பக்கம் நகரும். தளர்த்தியவனைவிட, நிதானமாக இழுத்துக்கொண்டிருந்த இருவருக்குத்தான் அப்போது தடுமாற்றம் அதிகம்.

இந்த மூன்று கம்பி முறையை உலகத்துக்குக் காட்டியவர் ஒரு புலம்பெயர்ந்தவர். மிகைல் டோலிவோ-டோப்ரோவோல்ஸ்கி ரஷ்யப் பேரரசில் 1862-இல் பிறந்தவர். ரீகா பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தபோது அரசியல் காரணத்துக்காக வெளியேற்றப்பட்டார். ஜெர்மனிக்குப் போய் டார்ம்ஸ்டாட்டில் படிப்பை முடித்தார். பெர்லினில் ஏ.இ.ஜி. நிறுவனத்தில் சேர்ந்து 1889-இல் மும்முனைத் தூண்டல் மோட்டாரைச் செய்தார். நிக்கோலா டெஸ்லா அமெரிக்காவில் தன் பல்முனை மோட்டாருக்கு உரிமை வாங்கியது அதற்கு முந்தைய ஆண்டு. யார் முதல் என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

ஆர்வமானது 1891-இல் நடந்தது. ஃபிராங்க்ஃபர்ட்டில் மின்சாரக் கண்காட்சி. 175 கிலோமீட்டர் தள்ளி, நெக்கார் ஆற்றங்கரையில் லாஃபன் என்ற ஊரில் ஒரு நீர்ச்சக்கரம். அங்கே உற்பத்தியான மின்சாரத்தை மூன்று கம்பிகளில் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவ்வளவு தூரம் மின்சாரம் வந்து சேருமா என்று பெரிய பெரிய ஆட்களே சந்தேகப்பட்ட காலம். வந்து சேர்ந்தது. சுமார் ஆயிரம் விளக்குகள் எரிந்தன. கூடவே, நூறு குதிரைத்திறன் மோட்டார் ஒன்று தண்ணீரை மேலே ஏற்றி ஒரு செயற்கை அருவியாகக் கொட்டியது. மும்முனை மின்சாரம் ஊர் கூடிப் பார்க்கச் செய்த முதல் பெரிய வேலைகளில் ஒன்று தண்ணீர் இறைத்தது என்பதைப் படித்தபோது எங்கள் மோட்டார் கொட்டகை வாசம் மூக்கில் அடித்தது. ஈர மண், கிரீஸ், கொஞ்சம் பல்லி.

அந்த மின்சாரம் எங்கள் பக்கம் வர அதன்பிறகு நாற்பது ஆண்டுகள் ஆயின. நீலகிரியில் பைகாரா நீர்மின் திட்டம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மலையிலிருந்து இறங்கிய கம்பிகள் முதலில் போன இடங்களில் ஒன்று கோயம்புத்தூர். ஆலைகளுக்காக வந்த மின்சாரம்தான். ஆனால் கம்பி போகும் வழியெல்லாம் கிணறுகள். கொங்கு நாட்டுக் கிணறு சாதாரணக் கிணறு அல்ல. பாறையை வெட்டி அறுபது எழுபது அடி இறங்குவது. அதிலிருந்து கவலையில் தண்ணீர் இறைக்க இரண்டு எருதுகள், ஒரு ஆள், சால், வடம், தும்பி எல்லாம் வேண்டும். விடிகாலையில் பூட்டினால் உச்சிக்குள் கால் ஏக்கர் நனைந்தால் பெரிது என்று அப்பாரு சொல்வார். வடம் அறுந்தால் அன்றைய பாடு முடிந்தது.

1937-இல் மேட்டூர் மின்நிலையம் வந்தது. அதே ஆண்டில் கோவையிலேயே மோட்டார் செய்துவிட்டார்கள். ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு பெயர்களைச் சொல்லாமல் எந்தக் கோவைக்காரரும் இந்தக் கதையைச் சொல்ல மாட்டார். ஆலைக்கு ஒரு பக்கம், கிணற்றுக்கு ஒரு பக்கம் என்று பட்டறைகள் பெருகின. வார்ப்படச் சாலைகள், காயில் கட்டும் கடைகள், ஸ்டார்ட்டர் கடைகள். இன்றும் பம்புசெட் என்றால் கோவை. 1957-இல் மின்சார வாரியம் அமைந்தபின் கிணற்று இணைப்புகள் வேகமாக ஏறின. எங்கள் தோட்டத்துக்கு 1963-இல் இணைப்பு வந்ததாக அப்பா சொல்வார். அன்றைக்கு ஸ்டார்ட்டருக்குப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தார்களாம். எருதுகளை வண்டிக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அந்த வண்டி பின்னால் வேறு வேலைக்குப் போனது. 1970-இல் விவசாய மின்கட்டண உயர்வை எதிர்த்து கோவை மாவட்டத்தில் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பேச்சு யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசாவைப் பற்றியது. ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூடு. மூன்று விவசாயிகள் இறந்தார்கள். பெருமாநல்லூர் எங்களுக்குச் சைக்கிள் தூரம். 1972-இல் மறுபடி போராட்டம். கோவை நகரத்துக்குள் ஆயிரக்கணக்கான கட்டை வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தி நகரத்தையே முடக்கினார்கள். அந்த ஆண்டுப் போராட்டத்திலும் உயிர்கள் போயின. ஜூலை 5-ஐ உழவர் தினமாக இன்றும் விவசாய சங்கங்கள் நினைவுகூர்வது அதனால்தான்.

அப்பாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. எங்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு போனவர் அவர். இதை அவர் ஆயிரம் முறை சொல்லியிருப்பார். எருதுகள் தார் ரோட்டில் லாடம் தேய நின்றதையும், யாரோ ஒரு வீட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைத்ததையும். "கரண்டுக்குக் காசு குடுக்க மாட்டோம்னு போகுல. நாயமான காசு குடுக்கறம்னுதான் போனோம்" என்பார். அதில் அவருக்கு ஒரு நிமிர்வு உண்டு. இந்தக் கதையில் அந்த நிமிர்வு முக்கியம்.

1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. பைசாவுக்காகச் செத்தவர்களின் கணக்கு ஒரு விதத்தில் நேர் செய்யப்பட்டது என்று எங்கள் ஊரில் நினைத்தார்கள். நானும் அதைக் குறை சொல்ல வரவில்லை. மூன்று ஏக்கர் வானம் பார்த்த பூமியில் வாழை போட்டுப் பிள்ளையைக் கனடாவுக்குப் படிக்க அனுப்பிய குடும்பம் எங்களுடையது; அந்த இலவசத்தில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் பொறியாளனாக ஒன்று சொல்ல வேண்டும். யூனிட் கணக்கு போனபோது கிணற்றடியில் மீட்டர் பார்க்கும் வழக்கமும் போனது. எந்தக் கம்பியில் எவ்வளவு இழுக்கப்படுகிறது என்பதற்கு எழுத்தில் சாட்சி இல்லாமல் போனது. லைன்மேனின் ஞாபகம் மட்டுமே மிச்சம்.

அடுத்து நேரக் கட்டுப்பாடு. கிணறுகள் வற்ற, போர் போட, மோட்டார்களின் திறன் ஏறிக்கொண்டே போனது. எல்லாரும் எல்லா நேரமும் இறைத்தால் மின்சாரம் போதாது. ஆகவே விவசாயத்துக்கு மும்முனை மின்சாரம் குறிப்பிட்ட நேரம் மட்டும் என்று வந்தது: பகலில் ஆறு மணி நேரம், இரவில் மூன்று. மற்ற நேரத்தில் வீடுகள் இருட்டாகிவிடக் கூடாதே? அதற்காகத் துணை மின்நிலையத்தில் மூன்று முனைகளில் ஒன்றை எடுத்துவிட்டு இரண்டை மட்டும் விடுவது. விளக்கு எரியும், மோட்டார் ஓடாது. கேட்கும்போது புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஒரே கம்பத்தில், ஒரே கம்பியில், மீட்டர் இல்லாமல், ஆள் வைத்துக் காவல் காக்காமல், வீட்டையும் வயலையும் பிரித்துவிடலாம்.

மோட்டார் ஓடாது என்பது பாடப்புத்தகம். ஊர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: கண்டென்சர். டப்பா போல ஒரு மின்தேக்கி. இருக்கிற இரண்டு கம்பிகளிலிருந்து, நேரத்தைக் கொஞ்சம் முன்னே தள்ளி, இல்லாத மூன்றாவது கம்பியைப் போல ஒன்றை அது மோட்டாருக்குக் காட்டும். மோட்டார் ஏமாந்து சுற்றும். இந்த இணைப்புக்குப் புத்தகங்களில் ஸ்டைன்மெட்ஸ் பெயர் இருக்கிறது. சார்லஸ் ஸ்டைன்மெட்ஸும் புலம்பெயர்ந்தவர்தான். சோஷலிஸ்டாக இருந்ததற்காக 1888-இல் பிரெஸ்லாவிலிருந்து தப்பி, ஸூரிச் போய், அடுத்த ஆண்டு அமெரிக்காவில் இறங்கியவர். அவர் கணக்கைத் திருப்பூர்க் கடைக்காரர் "ஏழரை எச்.பி.க்கு இத்தனை மைக்ரோ" என்று மனப்பாடமாக வைத்திருந்தார்.

ஆனால் அந்தக் கணக்கு ஒரே ஒரு சுமைக்குத்தான் சரியாக வரும். கிணற்றில் நீர்மட்டம் மாறினால், வால்வை அடைத்தால், மின்னழுத்தம் இறங்கினால், சமன் போய்விடும். மூன்று சுற்றுகளில் ஒன்று தன் பங்கைவிட அதிகமாகச் சுமக்கத் தொடங்கும்.

சமன் போனால் மோட்டாருக்குள் என்ன ஆகிறது என்பதைச் சரியாகச் சொன்னவர் சார்லஸ் ஃபோர்டெஸ்க்யூ. இவரைப் பற்றிச் சொல்லக் கனடாவில் இருப்பவனுக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1876-இல் யார்க் ஃபேக்டரியில் பிறந்தவர். ஹட்சன் விரிகுடாக் கரையில், தோல் வணிகக் கம்பெனியின் கிட்டங்கி இருந்த குளிர்ப் பாலை அது. அப்பா அந்தக் கம்பெனி அதிகாரி. பையன் கிங்ஸ்டனில் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1898-இல் மின்பொறியியல் முடித்து, அமெரிக்காவில் வெஸ்டிங்ஹவுஸில் சேர்ந்தான். நான் முதுகலை படித்ததும் கிங்ஸ்டனில்தான். இரண்டு ஆண்டு அந்தப் பனியில் நடந்தும் இவர் அந்த ஊரில் படித்தவர் என்று எனக்குத் தெரியாது.

1913 வாக்கில் ரயில் மின்மயத்துக்காக அவருக்கு ஒரு சிக்கல் வந்தது. ரயிலுக்கு மேலே ஓடுவது ஒற்றைக் கம்பி. ஆனால் எஞ்சினில் இருப்பது மும்முனை மோட்டார். ஒன்றை மூன்றாக்கிக் காட்டும் கருவி ஒன்றை எஞ்சினுக்குள்ளேயே வைத்தார்கள். அது காட்டும் மூன்றும் சமமாக இருப்பதில்லை. சமமில்லாத மின்சாரத்தில் மோட்டார் எப்படி நடந்துகொள்ளும்? அப்பாவின் ஊர் முழுக்கக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரி இழுக்கும் ரயிலுக்காக ஒருவர் நூறு ஆண்டுக்கு முன்பே கேட்டுவிட்டார்.

அவருடைய விடை 1918-இல் நூறு பக்கத்தைத் தாண்டும் கட்டுரையாக வந்தது. சாரம் இது: கோணலான எந்த மூன்றையும், கோணலில்லாத தொகுதிகளாகப் பிரித்துவிடலாம். ஒரு தொகுதி மோட்டாரை நேர்த்திசையில் சுற்றும். இன்னொன்று எதிர்த்திசையில் சுற்றப் பார்க்கும். மூன்றாவது எதையும் சுற்றாது. நடுக் கம்பி வழியே திரும்பிப் போகும். செக்கில் மாடு ஒரு பக்கம் சுற்றிக்கொண்டிருக்கும்போது, கண்ணுக்குத் தெரியாத கன்றுக்குட்டி ஒன்று எதிர்ப்பக்கம் முட்டிக்கொண்டே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செக்கு நிற்காது. எண்ணெயும் வரும். மாடு மட்டும் சீக்கிரம் செத்துப்போகும்.

கன்று சின்னதுதானே என்றும் விட முடியாது. மின்னழுத்தத்தில் ஒரு சதவீதக் கோணல் இருந்தால், ஓட்டத்தில் ஆறு முதல் பத்து மடங்கு கோணல் வரும். சூடு அந்தக் கோணலின் வர்க்கத்தில் ஏறும். மூன்று சதவீதக் கோணலுக்கு ஏறக்குறைய பதினெட்டு சதவீதம் கூடுதல் சூடு. அமெரிக்க மோட்டார் தரவிதி ஐந்து சதவீதத்துக்கு மேல் ஓட்டவே கூடாது என்கிறது. பத்து டிகிரி கூடினால் காயிலின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைக்காரர்களின் பழைய கணக்கு. எங்கள் ஊர் மோட்டார்கள் ஆண்டுக்கு ஒருமுறை காயில் கட்டப் போனதை யாரும் அதிசயமாக நினைத்ததில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிப்பது போல அதுவும் ஒரு செலவு.

கோணலுக்குக் காரணம் ஒரே ஒருவர் அல்ல. நல்ல மும்முனை மோட்டார் தானாக எந்தக் கோணலும் செய்யாது. மூன்றிலும் சமமாகவே இழுக்கும். கோணல் செய்வது ஒற்றைக் கம்பியில் தொங்கும் வீடுகள், ஒற்றை முனைச் சிறு மோட்டார்கள், இரண்டு கம்பியில் ஓடும் கண்டென்சர் மோட்டார்கள். எங்கள் டிரான்ஸ்ஃபார்மரில் இன்னொன்றும் நடந்தது. டூ பேஸ் நேரத்தில் எந்த இரண்டு கம்பியில் உயிர் இருக்கும் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது. தெரிந்தவர்கள் தங்கள் வீட்டு இணைப்பை அந்த இரண்டில் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். எங்கள் வீடும் மாறியது. நான் பத்தாவது படித்த வருடம், பரீட்சைக்கு முன்னால். யாரும் தப்புச் செய்கிறோம் என்று நினைக்கவில்லை. பையன் படிக்க விளக்கு வேண்டும். ஆனால் இருபது வீடு அப்படி மாறினால், மூன்று கம்பியும் உயிரோடு இருக்கும் நேரத்தில் இரண்டு கம்பி தரையில் இழுபட, ஒன்று காற்றில் கிடக்கும். அந்த நேரத்தில் நியாயமாக ஓடும் மோட்டார்தான் சூடேறும்.

ஒரு லைன்மேன் இருந்தார். பெயர் வேண்டாம். ஆடி மாதம் வந்தால் கம்பம் கம்பமாக ஏறி, இந்த வீட்டை அந்தக் கம்பிக்கு, அந்த ஜெட் பம்பை இந்தக் கம்பிக்கு என்று மாற்றி மாற்றிக் கட்டுவார். கையில் காகிதம் கிடையாது. எந்தத் தோட்டத்தில் எத்தனை குதிரைத்திறன், யார் வீட்டில் கிரைண்டர் வந்திருக்கிறது, யார் பெண்ணுக்குக் கல்யாணம், அந்த வாரம் எந்தக் கம்பியில் சீரியல் விளக்கு தொங்கும் என்பதெல்லாம் அவர் தலையில் இருந்தது. அவர் ஓய்வு பெற்றபின் அந்தக் கணக்கும் போய்விட்டது.

இங்கே என் வேலை கிட்டத்தட்ட அவருடையதுதான், நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு. ஒன்டாரியோவில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் ஸ்மார்ட் மீட்டர் உண்டு. ஒரு விநியோக நிறுவனத்துக்காக அந்த மீட்டர்களின் மின்னழுத்தப் பதிவுகளை வைத்து, எந்த வீடு எந்த முனையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்கும் நிரல் எழுதுகிறோம். முதலில் இதைக் கேட்டபோது சிரித்துவிட்டேன். அது கூடவா தெரியாது? தெரியாது. வரைபடத்தில் ஒன்று இருக்கும். 2013 டிசம்பர் உறைமழை மாதிரி ஒரு இரவில் அறுந்த கம்பிகளைக் கட்டியவர்கள் கைக்கு வந்த முனையில் கட்டியிருப்பார்கள். ஒரே முனையில் இருக்கும் வீடுகளின் மின்னழுத்தம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதை வைத்து நிரல் வீடுகளை மூன்று கூட்டமாகப் பிரிக்கும். இங்கே எல்லாம் ஒழுங்கு, அங்கே எல்லாம் குளறுபடி என்று வருடக்கணக்காக நான் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். அந்தப் பேச்சை இந்த வேலைக்கு வந்தபின் குறைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்காகப் படித்துக்கொண்டிருந்தபோதுதான், எரிந்த காயில்களின் படங்கள் கொண்ட ஒரு பட்டறைக் கையேடு கண்ணில் பட்டது. எந்தக் கோளாறுக்கு எந்த மாதிரி கருகும் என்ற படவரிசை. மின்னழுத்தம் குறைந்து அதிகச் சுமையில் ஓடினால் மூன்று தொகுதியும் சேர்ந்து கருகும். டெல்டா இணைப்பு மோட்டார் இரண்டே கம்பியில் ஓடினால், ஒரு தொகுதி மட்டும் முழுக்கக் கருகும். மற்ற இரண்டும் புதிதாக இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்றில் ஒரு கம்பி போனால், மீதி இரண்டுக்கும் நேராகக் கிடக்கும் சுற்றில் வழக்கத்தைப் போல் இரு மடங்கு ஓடும். மற்ற இரண்டு சுற்றிலும் வழக்கமான அளவுதான். கருப்பு, தேன் நிறம், தேன் நிறம்.

அப்பாவுடைய ஏழரை எச்.பி. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரில் ஓடியது. ஓட்டத்தில் அது டெல்டா. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எவ்வளவு இழுத்தாலும், அந்தக் கோணலில் ஒரு தொகுதி முன்னே பின்னே நிறம் மாறலாம். மற்ற இரண்டும் பளபளவென்று இருக்காது. ஓடும்போது ஃபியூஸ் ஒன்று போயிருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அன்று காலை நான்தான் ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றிப் பார்த்தேன். மூன்றும் நன்றாக இருந்தன. காயில் கட்டுகிறவர் அன்று வாசலில் வைத்துச் சொன்னது இதைத்தான். "ஒரு பேஸ்தானுங்க கருகியிருக்குது" என்றால், இது டூ பேஸில் ஓட்டிய மோட்டார் என்று அர்த்தம். அப்பாவுக்கு அது புரிந்தது. எம்.எஸ். படித்த எனக்குப் புரியவில்லை.

2012 எப்படிப்பட்ட ஆண்டு என்பதையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு மின்பற்றாக்குறையின் உச்சம். கிராமங்களில் ஒரு நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லை. ஏட்டில் இருந்த ஒன்பது மணி நேர மும்முனையும் வரவில்லை. குலை தள்ளும் நேரத்தில் வாழைக்குப் பத்து நாள் தண்ணீர் இல்லாவிட்டால் அந்த வருடமே போய்விடும். அப்பா என்ன செய்திருப்பார் என்று யோசிக்க ஃபோர்டெஸ்க்யூ தேவையில்லை.

2023 தைப்பொங்கலுக்குப் போனபோது சித்தப்பாவைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனேன். எழுபது வயது. கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன். "சித்தப்பா, அந்த வருசம் அப்பாவோட மோட்டார் போனது உங்களால இல்லீங்க. அப்பாவும் கண்டென்சர் போட்டு ஓட்டியிருக்காருங்க. இப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது."

அவர் செல்போனைக் கீழே வைக்கவில்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதா? அதை வாங்கியாந்து குடுத்ததே நாந்தானே, கண்ணு. திருப்பூர்ல எனக்கொண்ணு, அண்ணனுக்கொண்ணு, ரெண்டா வாங்குனா கொஞ்சம் கொறச்சுக் குடுத்தான்."

"பின்ன ஏனுங்க, ஏழு வருசம் பேச்சுக் கேட்டுக்கிட்டு இருந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"எங்கண்ணன் கோயமுத்தூருக்கு வண்டி கட்டிப் போன ஆளு. நாயமான காசு, நாயமான கரண்டுன்னு ஊரெல்லாம் பேசுன ஆளு. அவரு டூ பேஸ்ல கண்டென்சர் போட்டாருன்னு நான் எந்திரிச்சு நின்னு சொல்றதா? அவரு என்னையச் சொன்னாரு. சொல்லட்டும்."

அவர் கையில் இருந்த செல்போன் ஒருமுறை கூவியது. கொட்டகையில் மாட்டியிருந்த கருவி அனுப்பிய செய்தி. "த்ரீ பேஸ் வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து, மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, அடுத்த பாத்திக்கு மடை திருப்பப் போனார்.